பிசையப் பிசையப் பிறக்கும் சூடு

1979 மார்ச் 2-ஆம் தேதியிட்ட ‘சயின்ஸ்’ இதழில் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஸ்டான்டன் பீல், பேட்ரிக் கேசன், ரே ரெனால்ட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள். வியாழனின் நிலவான அயோவின் உட்புறம் பெருமளவு உருகிக் கிடக்க வேண்டும், வாயேஜர்-1 விண்கலம் அனுப்பப்போகும் படங்களில் அதன் அடையாளம் தெரியக்கூடும் என்பது அவர்கள் கணக்குப் போட்டுச் சொன்ன முடிவு. மூன்று நாள் கழித்து, மார்ச் 5 அன்று, வாயேஜர் அயோவைக் கடந்துபோனது. போன பிறகு, மார்ச் 8 அன்று அது திரும்பிப் பார்த்து எடுத்த ஒரு படம், கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் லிண்டா மொரபிடோ என்ற பொறியாளரிடம் வந்தது. விண்கலத்தின் தடத்தைச் சரிபார்க்கப் பின்னணி விண்மீன்களைத் தேடுவது அவர் வேலை. மங்கலான மீன்களும் தெரியட்டும் என்று படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினார். அயோவின் பிறை ஓரத்தில், குடை விரித்தாற்போல் ஒரு வெளிறிய மேகம் எழும்பி நின்றது. உயரம் 250 கிலோமீட்டருக்கு மேல். பூமிக்கு வெளியே, கண்ணெதிரே கக்கிக்கொண்டிருக்கும் எரிமலையை மனிதர் கண்டது அதுவே முதல் முறை.

கணிப்பு பலித்தது என்பதைவிட, எந்த அடிப்படையில் கணித்தார்கள் என்பதே இங்கு முக்கியம். வியாழன் சூரியனிலிருந்து பூமியைப்போல 5.2 மடங்கு தொலைவில் இருக்கிறது. அங்கே ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில், நமக்குக் கிடைப்பதில் 27-இல் ஒரு பங்குதான். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் கிட்டே இருப்பவருக்குச் சூடு, எட்டி இருப்பவருக்குக் குளிர் என்று நாம் சூரியக் குடும்பத்தைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். உயிர் வாழத் தகுந்த மண்டலம் என்று சூரியனைச் சுற்றி ஒரு வளையம் வரைவதும் இந்தப் பழக்கத்தின் நீட்சிதான். வளையத்துக்கு உள்ளே நீர் கொதிக்கும், வெளியே உறையும், நடுவில் பூமி இருக்கிறது. இந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் வரவுப் பக்கத்தில் ஒரே ஓர் இனத்தைத்தான் எழுதியிருக்கிறோம். சூரியனைக் கேட்காமலே ஓர் உலகம் தன்னைச் சூடேற்றிக்கொள்ள முடியும். அந்தச் சூட்டைத் தீர்மானிப்பதில் சூரியனிலிருந்து உள்ள தூரத்துக்குப் பங்கில்லை. எவரோடு சேர்ந்து சுற்றுகிறது என்பதற்கே பங்கு. இதைத்தான் இந்தக் கட்டுரை வாதிடப்போகிறது.

ஒரு கட்டுக்கம்பியை ஒடிக்க வேண்டுமானால் முன்னும் பின்னுமாக வளைக்கிறோம். ஒடிந்ததும் அந்த முனையைத் தொட்டால் சுடும். நெருப்பில் காட்டவில்லை, வளைத்த உழைப்புதான் சூடாக மாறியது. அயோவுக்கு நடப்பதும் இதுவே. அயோ நம் நிலவைவிடச் சற்றே பெரியது. வியாழனிலிருந்து அதன் தொலைவும் 4,21,700 கிலோமீட்டர், அதாவது நம் நிலவு இருக்கும் தொலைவைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் நடுவில் இருப்பது பூமியைப்போல 318 மடங்கு நிறையுள்ள வியாழன். ஒரு நிலவின் கிட்டத்துப் பக்கத்தை ஒரு விதமாகவும் எட்டத்துப் பக்கத்தை வேறு விதமாகவும் இழுக்கும் அந்த வேறுபாடுதான் ஓதம். பூமி நம் நிலவின் மேல் செலுத்தும் ஓத இழுவையைப்போல ஏறக்குறைய 240 மடங்கை வியாழன் அயோவின் மேல் செலுத்துகிறது. அயோ எப்போதும் ஒரே முகத்தைத்தான் வியாழனுக்குக் காட்டுகிறது. பாதை முழு வட்டமாக இருந்தால் அந்த இழுவையில் ஒரு முறை நீண்டு, நீண்டபடியே இருந்துவிடும். வளைப்பும் இல்லை, சூடும் இல்லை. பாதை மிக மெல்லிய நீள்வட்டம் என்பதால்தான் வினை. கிட்ட வரும்போதுள்ள தொலைவுக்கும் எட்டப் போகும்போதுள்ள தொலைவுக்கும் இடையே வித்தியாசம் சுமார் 3,460 கிலோமீட்டர். அயோவின் குறுக்களவைவிடவும் குறைவு. அந்தச் சிறு வித்தியாசத்தில், 42 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஒவ்வொரு சுற்றிலும், அயோவின் தரை ஏறத்தாழ 100 மீட்டர் ஏறி இறங்குகிறது. பூமியின் கடலோதங்களில் மிகப் பெரியதாகக் கருதப்படும் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் நீர் 16 மீட்டர் அளவுக்குத்தான் ஏறும். அங்கே ஏறுவது தண்ணீர். அயோவில் ஏறுவது பாறை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இப்படிச் சூட்டைக் கொட்டிக்கொண்டே இருந்தால் நீள்வட்டம் நாளடைவில் வட்டமாகிவிட வேண்டும். வட்டமானால் அடுப்பு அணைந்துவிடும். அணையாமல் வைத்திருப்பவை அயோவின் அண்டை வீட்டார். அயோ நான்கு முறை சுற்றும் நேரத்தில் யூரோப்பா இரண்டு முறையும் கானிமீடு ஒரு முறையும் சுற்றுகின்றன. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த விகிதம் புதிதல்ல: கானிமீடு முதல் காலத்தில் பாட, யூரோப்பா இரண்டாம் காலத்திலும் அயோ மூன்றாம் காலத்திலும் அதே தாளத்தில் பாடுகின்றன. காலம் பிசகாததால் அயோவும் யூரோப்பாவும் ஒன்றையொன்று நெருங்குவது எப்போதும் பாதையின் அதே இடத்தில்தான். ஊஞ்சலில் ஆடும் குழந்தையைச் சரியான நொடியில் விரல் நுனியால் தள்ளினாலே போதும், வீச்சு குறையாது. நேரம் தவறித் தள்ளினால் எவ்வளவு பலமிருந்தும் பயனில்லை. அயோவின் பாதையை வட்டமாக விடாமல் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தட்டிக்கொண்டே இருக்கிறது யூரோப்பா. பீல் குழுவினர் பிடித்துக்கொண்ட சூட்சுமம் இதுதான்.

எரிமலைக்கு இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டுமா, பாறைக்குள் இருக்கும் யுரேனியம், தோரியம் போன்ற கதிரியக்கத் தனிமங்கள் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பூமியின் உட்சூட்டில் கணிசமான பங்கு அவற்றிலிருந்தே வருகிறது. இதற்கு விடை காணச் சோதனைச்சாலை தேவையில்லை, இரவில் வானத்தைப் பார்த்தால் போதும். அளவிலும் அடர்த்தியிலும் அயோவை ஒத்த பாறை உருண்டை நம் நிலவு. அதிலும் அதே தனிமங்கள்தான் இருக்கின்றன. ஆனால் நிலவின் எரிமலைகளில் பெரும்பாலானவை பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆறிவிட்டன. அயோவிலோ 400-க்கும் மேற்பட்ட எரிமலைகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஒரு சதுர மீட்டர் தரையிலிருந்து வெளியேறும் உட்சூடு, பூமியின் தரையிலிருந்து வெளியேறுவதைப்போல இருபது மடங்குக்கும் மேல். வியாழனின் நான்கு பெரிய நிலவுகளை வரிசையாகப் பார்த்தாலும் இதே தீர்ப்புதான். உள்ளே இருக்கும் அயோவில் எரிமலை. அடுத்த யூரோப்பாவில் பள்ளங்களே அரிதான புதிய பனித்தரை. கானிமீட்டில் ஒரு பகுதி பழையது, மற்றது பின்னால் வரியோடியது. தாளத்தில் சேராமல் தனியே சுற்றும் காலிஸ்டோவில் விண்கற்கள் குத்திய வடுக்கள் அழியாமல் நிற்கும் மிகப் பழைய தரை. சூரியனிலிருந்து நான்கும் ஒரே தூரம்தான். மாறுவது வியாழனின் பிடியும் கூட்டாளிகளின் தட்டலும்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கூர்மையானது: சூடு சும்மா வராது, அந்த ஆற்றலைக் கொடுப்பவர் யார்? கொடுப்பவர் வியாழன். பத்து மணி நேரத்துக்குள் ஒரு முறை தன்னைத்தானே சுற்றிவிடும் அந்தப் பெருங்கோளின் சுழற்சியிலிருந்து, ஓதம் வழியாக, நிலவுகளின் பாதைக்கு ஆற்றல் கசிகிறது. பாதையிலிருந்து நிலவின் வயிற்றுக்குச் சூடாகப் போகிறது. நம் வீட்டிலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. பூமியின் சுழற்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய, நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது; அப்போலோ பயணிகள் நிலவில் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் ஒளி பட்டுத் திரும்பும்படி செய்து இதை அளந்திருக்கிறார்கள். அயோவின் கணக்கையும் தணிக்கை செய்தாயிற்று. வலேரி லைனி குழுவினர் 1891 முதல் 2007 வரை தொலைநோக்கிகளில் பதிவான நிலவுகளின் இருப்பிடங்களைத் திரட்டி 2009-இல் வெளியிட்ட முடிவு இது: அயோவின் பாதை இழக்கும் ஆற்றலும் அயோவின் தரையிலிருந்து வெளியேறும் சூடும் ஏறக்குறையப் பொருந்துகின்றன. ஒன்றை அளந்தது நிலவின் நடையைப் பார்த்து. மற்றதை அளந்தது அதன் அகச்சிவப்பு ஒளியைப் பார்த்து. தொடர்பில்லாத இரண்டு கைகள் எழுதிய கணக்கு ஒத்துப்போனால் அதை நம்பலாம்.

இதற்காக 1979-இன் கட்டுரையில் ஒவ்வொரு வரியும் சரி என்று சொல்லிவிட முடியாது. மெல்லிய ஓட்டுக்குக் கீழே அயோ பெரும்பாலும் உருகிவிட்டிருக்கும் என்று அவர்கள் எண்ணினார்கள். ஜூனோ விண்கலம் 2023 டிசம்பரிலும் 2024 பிப்ரவரியிலும் அயோவை 1,500 கிலோமீட்டர் அளவுக்கு நெருங்கிச் சென்று அதன் ஈர்ப்பை அளந்தது. நிலவு முழுவதும் தரைக்குச் சற்றுக் கீழே பாறைக்குழம்புக் கடல் இருந்திருந்தால் அது இன்னும் அதிகமாக நெளிந்திருக்கும், அவ்வளவு நெளியவில்லை. உள்ளே பெரும்பகுதி திடமாகவே இருக்கிறது, குழம்பு ஆங்காங்கே தேங்கி ஊறுகிறது என்று அந்த அளவீடு காட்டுகிறது. இது வாதத்தைத் தளர்த்தவில்லை, திருத்துகிறது. தண்ணீரைப் பிசைந்தால் கை சூடாகாது. கெட்டி மாவைப் பிசைந்தால்தான் உரசல் உண்டு. முழுக்கக் கல்லாக இருந்தாலும் சூடு பிறக்காது, முழுக்கக் குழம்பாக இருந்தாலும் பிறக்காது. இரண்டுக்கும் நடுவே, பதமாக இளகிய நிலையில்தான் ஓதம் நன்றாக வேலை செய்யும். இந்தப் ‘பதம்’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் உதவும்.

எரிமலையிலிருந்து தண்ணீருக்கு வருவோம். அயோவுக்கு அடுத்த யூரோப்பாவில் அதே பிசைதல் மென்மையாக நடக்கிறது. பாறை உருகும் அளவுக்கு இல்லை, பனி உருகும் அளவுக்கு உண்டு. 3,100 கிலோமீட்டர் குறுக்களவுள்ள இந்த நிலவின் பனித்தோலுக்குக் கீழே உப்புக் கடல் இருப்பதற்கான வலுவான சான்று காந்தமானியிலிருந்து வந்தது. வியாழனின் காந்தப்புலம் சாய்ந்திருப்பதால், யூரோப்பா இருக்கும் இடத்தில் அதன் திசை மாறி மாறி வருகிறது. மாறும் காந்தப்புலத்துக்குள் மின்சாரம் கடத்தும் பொருளை வைத்தால் அதில் மின்னோட்டம் எழுந்து, எதிர்ப்புலம் உண்டாகும். கலிலியோ விண்கலம் அப்படியொரு எதிர்ப்புலத்தை அளந்தது. பனி அவ்வளவாக மின்சாரம் கடத்தாது, உப்புநீர் கடத்தும். யூரோப்பாவில் உள்ள நீர், பூமியின் கடல்கள் அனைத்தையும் சேர்த்ததைப்போல இரண்டு மடங்கு இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். சூரியனைச் சுற்றி நாம் வரைந்த வளையத்துக்கு வெகு வெளியே, நம்மைவிடக் கூடுதலான திரவ நீர்.

யூரோப்பாவில் கடலை ஊகிக்கத்தான் முடிகிறது. சனியின் நிலவான என்செலடஸ் தன் கடலைத் தானே வெளியே வீசிக் காட்டுகிறது. குறுக்களவு 504 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் தொடங்கும் தமிழ்நாட்டின் நீளத்துக்குள் அடங்கிவிடும் சின்ன உலகம். அங்கே வெயில் நமக்குக் கிடைப்பதில் 90-இல் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய உடல் எப்போதோ உறைந்து கட்டியாகியிருக்க வேண்டும். ஆனால் 2005-இல் காசினி விண்கலம் அதன் தென்துருவத்தில், சுமார் 130 கிலோமீட்டர் நீளமுள்ள நான்கு பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிட்டு எழுவதைக் கண்டது. சனியின் ‘இ’ வளையம் முழுவதும் அங்கிருந்து சிந்திய துகளால் ஆனதுதான். துகளில் உப்பு இருந்தது; பாறையைத் தொட்டுக் கிடக்கும் நீரில்தான் உப்பு கரையும். மிக நுண்ணிய சிலிக்கா மணிகள் இருந்தன. ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸ் வெந்நீர் பாறையோடு வினைபுரிந்து, பின் ஆறும்போது உண்டாகும் வகை அது. 2017-இல் ஹைட்ரஜன் மூலக்கூறும் 2023-இல் பாஸ்பேட்டும் இருப்பது அறிவிக்கப்பட்டது. இதற்கெல்லாம் காரணம் ஓதம்தானா என்று கேட்பவருக்கு அந்தப் பீறலே பதில் வைத்திருக்கிறது. என்செலடஸ் சனிக்கு எட்டத்தில் இருக்கும்போது பீறல், கிட்டத்தில் இருக்கும்போது காண்பதைவிடச் சில மடங்கு பிரகாசமாகிறது. பாதையின் அந்தப் பகுதியில் பிளவுகள் விரிய வேண்டும் என்பது ஓதக் கணக்கு முன்பே சொன்னது. 33 மணி நேரத்துக்கு ஒரு முறை, பிளவுகள் திறந்து மூடும் தாளத்தை நாம் நேரடியாகப் பார்க்கிறோம். இங்கும் கூட்டாளி உண்டு: என்செலடஸ் இரண்டு சுற்றுச் சுற்றும்போது டையோன் என்ற நிலவு ஒரு சுற்று.

ஆனால் என்செலடஸ் நீண்ட காலம் கணக்கில் உதைத்தது. தென்துருவத்திலிருந்து வெளியேறும் சூட்டைக் காசினி 1,500 கோடி வாட்டுக்கு மேல் என்று அளந்தது. சனி பற்றிய பழைய அனுமானங்களை வைத்துப் பார்த்தால், நிலையாகக் கிடைக்கக்கூடிய ஓதச்சூடு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வாதத்தை எதிர்ப்பவர் கையில் கிடைத்த நல்ல ஆயுதம் இது. விடை நிலவிடம் இல்லை, சனியிடம் இருந்தது. சனி தன் சுழற்சி ஆற்றலை மிகச் சிக்கனமாகத்தான் கொடுக்கும் என்று எண்ணியிருந்தார்கள். நிலவுகளின் பாதைகளை நுணுக்கமாக அளந்தபோது அது பல மடங்கு தாராளம் என்று தெரிந்தது. டைட்டன் என்ற நிலவு ஆண்டுக்குச் சுமார் 11 சென்டிமீட்டர் விலகிப் போவதாக 2020-இல் வெளிவந்த முடிவு அதற்கு ஒரு சான்று. கொடுக்கும் கை பெரிது என்றால் வாங்கும் நிலவின் சூடும் விளங்கிவிடுகிறது. முழுக் கணக்கும் இன்னும் நேராகிவிடவில்லை என்றாலும், பற்றாக்குறை என்று தோன்றியது ஓதக் கருத்தின் பிழையாக இல்லை.

மிகக் கடினமான எதிர்ச்சான்று மைமாஸ் என்ற சனியின் நிலவு. அது என்செலடஸுக்கு உள்ளே, சனிக்கு இன்னும் நெருக்கமாகச் சுற்றுகிறது. அதன் பாதை என்செலடஸின் பாதையைவிட நான்கு மடங்கு நீள்வட்டம். அப்படியானால் அங்கே சூடு இன்னும் கொதிக்க வேண்டும். பார்த்தாலோ பள்ளம் பள்ளமாக, ஒரு பெரிய மோதல் குழியைக் கண்ணாகக் கொண்டு, செத்த உலகம்போல் கிடக்கிறது. இங்கேதான் நாம் நினைவில் வைத்த பதம் உதவுகிறது. குளிர்ந்து இறுகிய பனி நெளியாது. நெளியாததில் சூடு பிறக்காது. சூடு பிறக்காததால் அது இறுகியே இருக்கும். இளகியது மேலும் இளகும், இறுகியது இறுகியபடி கிடக்கும். மைமாஸின் நீள்வட்டம் இவ்வளவு காலம் அழியாமல் இருப்பதே அது இதுவரை அதிகம் சூடாகவில்லை என்பதன் அடையாளம். 2024-இல் இந்தக் கதை இன்னொரு திருப்பம் கண்டது. காசினி படங்களிலிருந்து மைமாஸின் தள்ளாட்டத்தையும் பாதை திரும்பும் வேகத்தையும் அளந்தவர்கள், 20 முதல் 30 கிலோமீட்டர் பனிக்குக் கீழே அதற்கும் கடல் உண்டு, அது உருவாகி இரண்டரைக் கோடி ஆண்டுகூட ஆகியிருக்காது என்று முடிவுக்கு வந்தார்கள். அது சரியானால், மைமாஸ் விதிவிலக்கு ஆகாது. உலை வைத்துச் சற்று நேரமே ஆன பானை, மூடி இன்னும் ஆடத் தொடங்கவில்லை.

ஓதமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று நீட்டுவதும் தவறு. 2015-இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவில் பள்ளங்களே இல்லாத புதிய நைட்ரஜன் பனிச் சமவெளியைக் கண்டது. புளூட்டோவும் அதன் நிலவு சாரோனும் ஒன்றுக்கொன்று முகம் பூட்டிச் சுற்றுவதால் அங்கே இன்று ஓதப் பிசைதல் இல்லை. எளிதில் இளகும் பனி கிடைத்தால் மிச்சமிருக்கும் கதிரியக்கச் சூடுகூடத் தரையைப் புதுப்பிக்கப் போதும் என்று தெரிகிறது. ஆகவே வரவுப் பக்கத்தில் இனங்கள் இரண்டைவிடக் கூடுதல். வெயில் ஒன்றை மட்டும் எழுதிய கணக்கு குறைபட்டது என்ற வாதம் இதனால் இன்னும் உறுதிப்படத்தான் செய்கிறது.

நீர் இருந்தால் உயிர் இருக்குமா என்பது வேறு கேள்வி. வெளிச்சமே எட்டாத கடலடியில் எதை உண்டு வாழும் என்று கேட்கலாம். 1977-இல் காலபகோஸ் தீவுகளுக்கு அருகே, இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தில், வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிர்க்கூட்டங்களை ஆல்வின் நீர்மூழ்கி கண்டது. அங்குள்ள சிப்பிகளும் புழுக்களும் சூரியனை முற்றும் துறந்தவையல்ல. அவை சுவாசிக்கும் ஆக்சிஜன் மேலே பச்சையம் உண்டாக்கியதுதான். ஆனால் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மீத்தேனாக்கி, அதில் கிடைக்கும் ஆற்றலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜனும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். என்செலடஸின் பீறலில் அந்த ஹைட்ரஜனும் இருக்கிறது, கார்பன் டை ஆக்சைடும் இருக்கிறது. இதனால் அங்கே உயிர் உண்டு என்று ஆகாது. இலை போட்டிருக்கிறது, உண்ண ஆள் வந்ததா என்று தெரியாது, அவ்வளவே. கூட்டாளிகள் தாளம் மாறினால் அடுப்பு அணையும், கடல் உறையும். எனவே ஒரு நிலவில் இன்று கடல் இருக்கிறதா என்பதோடு, எவ்வளவு காலமாக இருக்கிறது என்றும் கேட்டாக வேண்டும்.

இந்த வாதத்தை உரசிப் பார்க்க ஒரு கல் புறப்பட்டுவிட்டது. 2024 அக்டோபர் 14 அன்று ஏவப்பட்ட யூரோப்பா கிளிப்பர் 2030-இல் வியாழனை அடையும். யூரோப்பாவைப் பலமுறை நெருங்கிக் கடக்கும்போது, பாதையில் அது நிற்கும் இடத்துக்கு ஏற்ப அதன் வடிவம் எவ்வளவு மாறுகிறது என்பதை ஈர்ப்பின் வழியே அளக்கும். பனித்தோல் கடல்மேல் மிதந்தால், மூன்றரை நாளைக்கு ஒரு முறை தரை சுமார் 30 மீட்டர் ஏறி இறங்க வேண்டும். அடிவரை உறைந்திருந்தால் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் அசையும். ஒரு மீட்டரா, முப்பது மீட்டரா என்ற எண் கைக்கு வரும்போது, வெயில் எட்டாத கடல் என்ற பேச்சு ஒன்று நிலைபெறும், அல்லது யூரோப்பாவின் பெயரை அதிலிருந்து அடித்துவிட வேண்டியிருக்கும்.